இரண்டு பறவைகளைப் பற்றிய நா மீட்டல் ஓலை

திரை ஓய்ந்தாலும் ஓயாத புகழும், கரை தேய்ந்தாலும் தேயாத நீதியும் உடைய நாரைநாடு வாழ்க. அதன் இரட்டை நாரைக் கொடி உயர்க. மூன்று துறைக்கும் ஏழு மணல்திட்டுக்கும் காவலரான கோமான் நெடுங்கடற்கோ இறைவளவர் திருவடி நீடூழி விளங்குக. அவர் ஆணையைத் தலைமேல் தாங்கிக் கல்லணைத் தீவுக் கோட்டையைக் காத்துவரும் கோட்டைத் தலைவர் இருங்கோ விழுப்பரையர் சமூகத்துக்கு, சங்குத்துறையில் பதினேழு ஆண்டுகளாக அந்நியர் மொழியைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆவுடையப்பன் அடிபணிந்து எழுதிக்கொண்ட ஓலை. தங்கள் கோட்டையில் மதிலுக்கும் மாந்தருக்கும் நலம் உண்டாகுக. இங்கே எனக்கு நலமில்லை.

முகமன் இன்னும் பத்து வரியாவது நீள வேண்டும் என்பது மரபு. பொறுத்தருள வேண்டும். நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. இறங்கி முடிவதற்குள் படகு புறப்பட்டால்தான் நாளைக் காலை தங்கள் தீவை எட்டும். நாளை நண்பகலில், தங்கள் காவலில் இருக்கும் ஆர்க்காட்டி முத்தையன் பட்டங்கட்டியை, கப்பல்களுக்குப் பாறை விலக்கி வழிகாட்டும் அந்த மனிதனை, கையைக் கட்டி வெளித்திட்டில் இறக்கிவிட்டு, கடல் ஏறி அவனை மூடும்வரை காத்திருக்கும்படி தங்களுக்கு ஆணை வந்திருக்கிறது. அந்த ஆணை நின்றுகொண்டிருப்பது என் வாய்ச்சொல்லின் மேல். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலேயக் கப்பித்தான் பெல்லமியின் கப்பல் சென்ற திங்களில் நம் துறைக்கு வந்து நங்கூரம் போட்டபோது, முத்தையன் உறவினரின் வலைகள் நான்கு அதில் சிக்கிக் கிழிந்தன. முத்தையன் போய்க் கேட்டான். வாய்ச்சண்டை முற்றி, துடுப்பால் கப்பித்தானின் சிறுபடகின் விளிம்பை உடைத்துவிட்டு வந்தான். இனி அந்தக் கப்பலுக்கு வழிகாட்டுவதில்லை என்று கரையில் சபதமும் செய்தான். துறை முழுக்க அறிந்த செய்தி இது.

இருபது நாள் கழித்துக் கப்பித்தான் அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். முத்தையனுக்கு அந்த எழுத்து தெரியாது. முத்திரை உடைக்காமல் நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே நின்றபடியே, வெள்ளைக்காரன் ஏசியிருந்தால் பாதியைக் குறைத்துச் சொல்லும்படியும், தன் கோபம் இப்போதுதான் ஆறிவருகிறது என்றும் சிரித்துக்கொண்டு சொன்னான். சதி செய்கிறவன் சதியோலையை அரசரின் துபாஷியிடமே கொண்டுவந்து படிக்கச் சொல்வானா என்று அவையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்நியர் ஓலை எதுவாயினும் முதலில் அவையில் பெயர்த்து வாசிக்கப்பட வேண்டும் என்பது நம் சட்டம். மறுநாள் வரச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, சட்டப்படி கடிதத்தை அவைக்குக் கொண்டுபோனேன். அங்கே நான் வாசித்தது இது:

“கோடரியைப் புதைப்போம். நாம் ஒரே படகில் இருக்கிறோம். அரசரின் பிறந்தநாளில் என் படகை நீயே அரண்மனைத் துறைக்குக் கொண்டு வா. ஒரு கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்லலாம். அரசருக்காக நான் வைத்திருக்கும் பொருளுக்கு ஒரு கையும் ஒரு காலும் போயின. அந்த நாள் வரை பூனையைப் பையிலிருந்து வெளியே விடாதே. பனி உடைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு துண்டுப் பலகாரம்.”

இரட்டை நாரைக் கொடியின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பறவைகளைக் கொல்வது என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? படைத்தலைவர் கொற்றங்குடியார் எழுந்து, பறவைகள் இரண்டும் அரசரும் அரசியும் என்றார். கையும் காலும் நரபலி என்றார். பூனை என்பது நஞ்சு என்றார். அன்று மாலையே முத்தையன் வீட்டு முற்றத்தை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார்கள். கோடரி கிடைக்கவில்லை. அது அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. புதைக்க நேரமில்லாமல் வைத்திருந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். துறைக் கிடங்கில் எலிக்காக வளர்த்த கிழட்டுப் பூனை ஒன்றும் பிடிபட்டு அவைக்கு வந்தது. அது படைத்தலைவர் காலடியில் படுத்துத் தூங்கியது.

சிரிப்பு வருகிறதா? எனக்கு அப்போதும் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கடிதத்தின் பொருள் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஏன் பேசாமல் இருந்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள். எனக்கு முன் துபாஷியாக இருந்தவர் முத்துக்குளிக்கும் இரண்டு தீவுகளை அந்நியர் கேட்டபோது, நம் அரசர் மறுத்ததை இசைந்ததாக மாற்றிச் சொன்னார். தீவுகள் போயின. அன்றுமுதல் துபாஷிகள் பதவி ஏற்கும்போது கடல்நீரைக் கையில் ஏந்தி, “சொல்லைக் கூட்டேன், சொல்லைக் குறையேன், கேளாத பொருளை உரையேன்” என்று ஆணையிட வேண்டும். நானும் இட்டேன். அவையில் என்னை யாரும் பொருள் கேட்கவில்லை. சொல்லுக்குச் சொல் சரிதானா என்று மட்டும் கேட்டார்கள். சரி என்றேன். அது உண்மை. அந்த உண்மையால் ஒரு மனிதனைக் கட்டித் தங்கள் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டுத்தான் வாய் மூடினேன் என்று ஒன்பது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். படைத்தலைவர் முன்னால் எழுந்து நிற்க எனக்குப் பயம். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது கேளாத பொருளை உரைக்கிறேன். கோடரியைப் புதைப்பது என்றால் அவர்கள் மொழியில் பகையை மறப்பது. ஒரே படகில் இருப்பது என்றால் இருவருக்கும் ஒரே பாடு, புயல் வந்தால் இருவருக்கும்தான். ஒரு கல்லால் இரண்டு பறவை என்பது நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறோமே, அதுதான். மீனவரோடு சமாதானமும் ஆகும், அரசருக்குப் பரிசும் போய்ச் சேரும் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் மாமரம் இல்லை போலும். இருந்திருந்தால் முத்தையன் இன்று வீட்டில் இருப்பான்.

கையும் காலும் போவது என்றால் சொத்தை விற்று வாங்கியதுபோல விலை கூடியது என்று பொருள். பூனையைப் பையிலிருந்து விடுவது என்றால் மறைத்து வைத்த செய்தியைப் போட்டு உடைப்பது. அந்தப் பூனை எது என்று கேட்டால், ஒரு தூரக்கண்ணாடி. வந்த அன்றே கப்பித்தான் அதை எனக்குக் காட்டினார். பித்தளைக் குழல், ஒரு முழ நீளம். நம் கரையில் நின்று வெளிக்கடலில் போகும் கப்பலின் பாய்களை எண்ணிவிடலாம். பிறந்தநாளில் அரசர் வியக்க வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தார். பனி உடைவது என்றால் புதியவர்களுக்குள் இருக்கும் கூச்சம் விட்டுப்போவது. பலகாரத் துண்டு என்றால் எளிய வேலை, அவல் தின்பதுபோல. அவ்வளவுதான் அந்தச் சதி.

நாம் மட்டும் என்ன, சொன்னதையா செய்கிறோம்? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காக்க வேண்டும் என்று அரசர் சென்ற ஆண்டு தங்களுக்கு ஆணை அனுப்பினார். தங்கள் வீரர்களில் ஒருவரும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடியிருக்க மாட்டார். தலையில் மிளகாய் அரைத்தான் என்று நம் சந்தையில் தினம் ஒருவர் அழுகிறார். யார் தலையிலும் அம்மி இல்லை. நம் பேச்சை நாம் அறிவோம். அவர்கள் பேச்சை இந்தத் துறையில் நான் ஒருவன்தான் அறிவேன். அந்த ஒருவன் வாய் திறக்கவில்லை.

கப்பித்தானை அழைத்துக் கேட்கலாமே என்றால், அவர் கப்பலை வெளிக்கடலுக்கு விரட்டிவிட்டார்கள். அரசரோ நோன்பில் இருக்கிறார். நாளை மாலைவரை யாரையும் பார்ப்பதில்லை. அவைக் கதவு சாத்தியிருக்கிறது. இரண்டுமுறை போய்த் திரும்பினேன்.

இன்று விடிந்ததும் முத்தையன் மனைவி சிங்காத்தாள் வந்தாள். அழவில்லை. தன் வீட்டு விறகுக் கோடரியை அரண்மனையில் பட்டுத்துணி விரித்து வைத்திருக்கிறார்களாமே, அதற்குப் பூசையும் உண்டா என்று கேட்டாள். முற்றத்தைத் தோண்டியவர்கள் குழியையாவது மூடியிருக்கலாம், பிள்ளைகள் விழுகிறார்கள் என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஐயா, அந்த எழுத்துக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க.”

பதினேழு ஆண்டுகளில் என்னிடம் பொருள் கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்ட பொருளை உரைக்க என் ஆணை தடையில்லை. வரி வரியாகச் சொன்னேன். இரண்டு மாங்காய் என்றபோது அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, “அப்ப தெரிஞ்சேதான் சும்மா இருந்தீக” என்றாள். நான் ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தேன். “படகு இருக்கு. பாறைக்கு ஊடால வழி எனக்கும் தெரியும். எழுதுறத சீக்கிரம் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விட்டாள். இப்போது பாய் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆகவே கோட்டைத் தலைவர் அவர்களே, நம் நாட்டின் பழஞ்சட்டத்தில் நா மீட்டல் என்று ஒன்று உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். துபாஷி தான் பெயர்த்த சொல்லைத் தானே திரும்பப் பெறலாம். பெற்றால், அந்தச் சொல்லின் மேல் எழுந்த தண்டனை அவை மறுபடி கூடிக் கேட்கும்வரை அந்தக் குற்றவாளி மேல் செல்லாது. அவன் நின்ற இடத்தில் துபாஷி நின்று அந்தத் தண்டனையை ஏற்க வேண்டும். நூறு ஆண்டுகளாக ஒருவரும் மீட்டதில்லை. ஏன் மீட்டதில்லை என்பதைச் சட்டத்தின் இந்தக் கடைசி வரியே சொல்லும்.

சங்குத்துறைத் துபாஷி ஆவுடையப்பனாகிய நான், பெல்லமி கடிதத்துக்கு அவையில் சொன்ன பெயர்ப்பை இதனால் மீட்டுக்கொள்கிறேன். சொல் சரி, பொருள் பொய். கேட்டவர்களைப் பொய்யில் விட்டது என் மௌனம். முத்தையன் பட்டங்கட்டிக்கு இதில் குற்றமில்லை.

தாங்கள் செய்ய வேண்டியது: இந்த ஓலை கைக்கு வந்த கணமே முத்தையனின் கட்டை அவிழ்க்க வேண்டும். அவன் திட்டில் இறக்கப்பட்டிருந்தால் படகு விட்டு ஏற்ற வேண்டும். அவன் கட்டிலிருந்து கழற்றிய கயிற்றை எறிய வேண்டாம். இந்த ஓலையைக் கொண்டுவந்து தங்கள் முன் நிற்பவன் தூதன் அல்லன். நான்தான். கணவனைத் திருப்பிக் கொண்டுபோகச் சிங்காத்தாள் படகில் காத்திருப்பாள். மறுபயணத்தில் அந்தப் படகில் இருவருக்கு மட்டும் இடம் போதும்.

அவை கூடும்போது பெல்லமியை அழைத்துத் தூரக்கண்ணாடியைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கிழட்டுப் பூனையைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எலிகள் பெருகிவிட்டன.

துபாஷி முத்திரையை இரண்டாக முறித்திருக்கிறேன். ஒரு பாதியை இந்த ஓலையின் கயிற்றில் கோத்திருக்கிறேன். மறுபாதி என் கையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பொருந்தினால் ஆணையை என் மேல் நிறைவேற்றுக.

ஆடித் திங்கள், நீர் இறங்கும் வேளை, சங்குத்துறைக் கரையிலிருந்து. கடல் சாட்சி, கரை சாட்சி, இம்முறை என் நாவும் சாட்சி.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்