குண்டன் பயணத்துக்குத் தயார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், அம்மா நலம், குண்டனும் நலம். நாய் விஷயத்தைத்தான் நீ முதலில் தேடுவாய் என்று தெரிந்தே கடைசியில் வைத்தேன், கோபிக்காதே.

போனில் பாதிதான் சொன்னேன். அவன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண் மஞ்சளாகத் தெரிந்தது. நான் என் கண்ணாடிதான் அழுக்கு என்று அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவன் உதட்டைத் தூக்கி மஞ்சள் ஈறைக் காட்டி, துடைச்சது போதும், வண்டியை எடுங்க என்றாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், வயிற்று முடியை மழித்து ஸ்கேன் பார்த்தார். ஈரலில் வீக்கம், பித்தப்பையில் பித்தம் கூழாகக் கெட்டிப்பட்டிருக்கிறது, பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்றார். குண்டன் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை, பை இன்னும் உறுதியாக இருப்பதால் கத்தி வைக்காமல் மருந்தில் பார்ப்போம் என்றார். பித்தம் இளக மாத்திரை, கொழுப்பில்லாத சாப்பாடு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

கூடவே எனக்கொரு உத்தியோகம்: சிறுநீர் கறுத்திருக்கிறதா, மலம் வெளுத்திருக்கிறதா என்று தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும். தெருவில் குனிந்து நிற்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரர், என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா என்கிறார். அம்மா விடுவாளா? பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் துணி மாத்தாத மனுஷன் இப்ப பண்ற ஆராய்ச்சியைப் பாருங்க என்று அவரிடமே சொல்லிச் சிரிக்கிறாள்.

நேற்று மறுபடி ஸ்கேன். பித்தம் இளகிவிட்டது, ரத்தமும் தேவலை. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாதாம். நீ கேட்கச் சொன்னதையும் கேட்டேன். உன் ஊருக்கு அவன் விமானத்தில் தாராளமாகப் போகலாம் என்றார். முடியாது என்பார் என்று எனக்கொரு நப்பாசை. அம்மாவுக்கும் இருந்திருக்கும் போல, வீடு வரும்வரை அவனைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அவன் உன் நாய். தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது உரிமை? ஆனால் நாய்களை விமானத்தில் அனுப்பிவைக்கும் கம்பெனி ஆள் வந்து கூண்டில் ஏற்றிக்கொண்டு போவார் என்றாயே, அது மட்டும் வேண்டாமம்மா. மாத்திரை கொடுக்கும்போது தாடையை எந்தக் கையால் பிடிப்பது, விழுங்கும்வரை தொண்டையை எப்படித் தடவுவது என்று அந்த ஆளிடம் சொல்லி அனுப்ப முடியுமா? அதெல்லாம் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டியது. லீவு கிடைக்காது என்பாய், தெரியும். கேட்டுப் பார். பழக ஒரு வாரமாவது ஆகும். நீ என் மகளாயிற்றே, சட்டென்று உறைக்காது, இரண்டு வாரமாகப் போட்டுக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர்.

உன் அப்பா