உன் வீட்டு கேட்டில் நான் எழுதியது

என் ஆசை அக்கா எஸ்தருக்கு,

கோவில்பதாகையில் நேற்று நல்ல மழை. மாவு வாங்க வந்தவர்கள் உன் வாசல் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். கிரைண்டரை இப்போது ஜெனிதான் ஓட்டுகிறாள். உன்னைவிட உன் மகள் உளுந்து தாராளமாகப் போடுகிறாளாம், கோபித்துக்கொள்ளாதே.

தெருவெல்லாம் காய்ச்சல். அதனால் வரிசையில் மறுபடியும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. "கொரோனா கொரோனான்னு அப்போ சும்மா பயமுறுத்திட்டானுங்க. இன்னாத்துக்கு அவ்ளோ ஆட்டம்?" என்றார் எதிர்வீட்டு ஆட்டோக்காரர். மாவு அள்ளிக்கொண்டிருந்த ஜெனியின் கை நின்றது. பிறகு மறுபடி அள்ளினாள். நான் அவரை முறைத்தேன்.

ஆனால் நீயும் அப்படித்தானே பேசினாய் அக்கா? அப்போது நான் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். கழுத்தில் அட்டை, கையில் நெற்றிக்கு நேராக நீட்டுகிற மிஷின். "காய்ச்சலை மறைக்காதீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். கொரோனா வந்த பக்கத்து வீட்டு வாசலை, யாரும் வெளியே வராதபடி தகரம் வைத்து அடைத்தபோது, "நல்லா அடைங்க" என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு நீ சண்டைக்கு வந்தாய்.

"நோவு வந்தா பத்து நாள்ல பூடும்டி. தகரம் அடிச்சா எம் பேரே பூடும். அப்பால எவ வந்து எங்கிட்ட மாவு வாங்குவா?"

"பேரு பெருசா, உசுரு பெருசாக்கா?"

"உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனுக்கு இந்த வாசல்தான்டி."

மாமா போன பிறகு அந்த வாசலை நம்பித்தான் ஜெனியைப் படிக்கவைத்தாய். எனக்குத் தெரியாதா என்ன? நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலை நான் வந்தபோது நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நல்லா கீறேன்டி, எழுதிக்கினு போ" என்று சிரித்தாய். அப்போதுதான் முகம் கழுவியிருந்தாய். கண்கள் சிவந்திருந்தன. பேசி முடிக்கும்வரை கேட்டை விடவே இல்லை. நான் மிஷினை நீட்டவில்லை. 'காய்ச்சல் இல்லை' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். மூன்றாம் நாளும்.

நீ மறைத்துவிட்டாய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு முதல் நாளே தெரியும் அக்கா. ஊரார் வாசலுக்கெல்லாம் தகரம் கேட்டவளுக்கு, உன் வாசலில் அதைப் பார்க்க மனசு வரவில்லை. நாலாம் நாள் மூச்சு வாங்க ஆம்புலன்சில் ஏறினாய். அதன்பிறகு உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. முதல் நாளே கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாயா? இதை நான் யாரிடம் கேட்பது?

சர்ச்சில் முட்டிபோட்டு ஆண்டவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். உன் பிள்ளையிடம்தான் சொல்ல வரவில்லை.

இந்த மழைக்கு என்னை மறுபடியும் அதே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று காலை உன் கேட்டுக்கு வந்தேன். நலமா என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்தேன். ஜெனி மாவுக் கையோடு வந்து நெற்றியை நீட்டினாள்.

"சும்மா எழுதாத சித்தி. வெச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"அம்மாக்கும் இப்டித்தான் வெச்சிப் பாத்தியா?"

"ஆமாண்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அவள் கேட்டருகிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலையும் அங்கேதான் வரவேண்டும். சொல்லிவிடுகிறேன் அக்கா. அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகட்டும், அந்த கேட்டை என் முகத்துக்கு நேராகச் சாத்தட்டும். முதலில் அவள் நெற்றியில் மிஷினை வைத்துப் பார்ப்பேன். பிறகு, உன் நெற்றியில் வைக்கவில்லை என்பதைச் சொல்வேன்.

மூன்று நாளும் உன்னைத் தொட்டுப் பார்க்காத
உன் தங்கச்சி,
ரூத்