வேலியோரச் செம்பருத்தி

தேனி
3.3.2025

அன்புத் தம்பி நாகராஜுக்கு,

அக்கா ஜோதிலட்சுமி எழுதுகிறேன். இங்கே நானும் என் எழுபத்து மூன்று தொட்டிகளும் சுகம். அங்கே நீயும் முனீஸ்வரியும் சசிதரனும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மருந்தடிக்கப் போய்விடுகிறாய். நான் உன் பம்பு சத்தத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் மார்க்கெட்டுக்குத் திராட்சை கொண்டுவரும் வேன் டிரைவர் காமராஜிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

என் செடிப் பைத்தியம் முற்றிவிட்டது. மூன்றாம் மாடி பால்கனியில் நான் நிற்கத்தான் இடமில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெளியே போவேன், கத்தரிக்கோல் இல்லாமல் போகமாட்டேன். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் குச்சி ஒடித்தபோது வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, சாப்பாடு உள்ளதான் போடுறாக" என்றார். கீழ்வீட்டு ஜெபஷீலா டீச்சர் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்தவர், மூன்று குச்சிகளோடு திரும்பிப் போனார். வெறும் குச்சியின் கணுவில் வேர் எட்டிப்பார்க்கும் அன்று எனக்குச் சோறே வேண்டாம். ஏக்கர் கணக்கில் வைத்திருக்கிற உனக்கு அது புரியாது.

தீபாவளிக்கு உனக்குக் கொடுத்த அடுக்குச் செம்பருத்திக் கன்றுகள் பத்தும் வேலியோரம் எப்படி இருக்கின்றன? அதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டாயா? பக்கத்துத் தோட்டத்து வேல்விழியே மருமகளாக வருகிறாள், நீ கொடுத்துவைத்தவன்தான்.

அன்புடன்,
அக்கா

*

அனுமந்தன்பட்டி
6.3.2025

அக்காவுக்கு,

நீ குச்சி வேர்விட்டதைக் கொண்டாடுகிறாய். எனக்கு இங்கே திராட்சைப் பந்தலே போகிறது. பத்து நாளில் வெட்ட வேண்டிய பழம். குலைக்குள் பஞ்சைத் திணித்த மாதிரி மாவுப்பூச்சி. பழமெல்லாம் கரி பூசினாற்போல் கிடக்கிறது. வியாபாரி ஒரு குலையைத் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு வாங்குவாக?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலிப்பக்கமிருந்துதான் ஏறியிருக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் யார்? சுருளியாண்டி. வேல்விழியின் அப்பாதான். கவாத்து வெட்டிய குச்சியைப் பூச்சி அடைய மாதக்கணக்கில் குவித்து வைத்திருக்கிற மனுஷன். கேட்டால், "என் கொடியில ஒரு பூச்சி காட்டு மாப்ள, பாப்போம்" என்கிறார். நேற்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் பேச்சு தடித்துவிட்டது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் வீட்டில் பெண் எடுக்க எனக்கு மனசில்லை. சசி சாப்பிடாமல் படுத்திருக்கிறான்.

உன் செம்பருத்தியைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

நாகராஜ்

*

தேனி
8.3.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அவசரப்பட்டு வார்த்தையை விடாதே. பூச்சிக்கு வேலி தெரியுமா? காற்றில் வரும், எறும்பு தூக்கிக்கொண்டு வரும், கூலி ஆளின் சட்டையில்கூட வரும். அதற்காகப் பேசி முடித்த கல்யாணத்தை நிறுத்துவார்களா? வேல்விழி முகத்தை நினைத்துப் பார்.

ஒன்று செய். அந்தச் செம்பருத்திகளைப் பிடுங்கி எரித்துவிடு. வேறொன்றுமில்லை, வேலியோரம் அடைசலாக இருந்தால் மருந்தடிக்க இடைஞ்சல்தானே. நானும் இங்கே என்னுடையதை எடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலைத்துண்டு இல்லாமல் நிற்காதே.

அக்கா

*

அனுமந்தன்பட்டி
15.3.2025

அக்காவுக்கு,

பூச்சிக்கு வேலி தெரியாது, சரி. மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? "வேலியோரக் கொடிகளைப் பிடுங்கிப் போடுங்க, அப்புறம் கல்யாணப் பேச்சு" என்று சுருளியாண்டியிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷத்துக் கொடியாம், முடியாதாம்.

வரும் 23, ஞாயிற்றுக்கிழமை, சண்முகராஜ் சித்தப்பா வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுகிறார்கள். நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். நீ மாப்பிள்ளைக்கு அத்தை. வந்து என் பக்கம் உட்கார வேண்டும். வேல்விழியோடு போனில் பேசக்கூடாது என்று சசியிடமும் சொல்லியாயிற்று.

செம்பருத்தி பிடுங்க இப்போது ஆளில்லை.

நாகராஜ்

*

தேனி
20.3.2025

தம்பி,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

உன் தோட்டத்தில் ஏறியது என் பூச்சி. சுருளியாண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

போன ஆடியில் குமுளிக்கு ஜீப்பில் போயிருந்தேன். ஒரு டீக்கடை வேலியில் அந்தச் செம்பருத்தியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, கொத்தாகக் குச்சி ஒடித்தேன். கணுவில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கடைக்காரப் பெண்கூட, "சேச்சி, அது வேண்டா, கேடுண்டு" என்றாள், செடியில் நோய் இருக்கிறதாம். நான் காதில் வாங்காமல் முந்தானையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேர்விட்டதும் பத்தை உனக்குக் கொடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே என் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியெல்லாம் பஞ்சு. எட்டாம் தேதி எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் காற்று, எறும்பு என்று அளந்தேன். பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பயம், தம்பி. அவர் போனபிறகு எனக்கென்று திறந்திருப்பது உன் வீட்டு வாசல் ஒன்றுதான். அதுவும் அடைபட்டுவிடுமே என்று பயந்தேன்.

அந்தப் பிள்ளைகளைப் பிரித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசி. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஜோதிலட்சுமி

*

அனுமந்தன்பட்டி
24.3.2025

அக்காவுக்கு,

வியாழக்கிழமை சாயந்திரமே உன் கடிதம் கைக்கு வந்தது. வேலிக்குப் போய்ச் செம்பருத்தி இலையைத் திருப்பினேன். நீ எழுதியது சரிதான். ஐந்து மாதமாக அதைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன், ஒரு தரம் குனிந்து பார்த்ததில்லை. அக்கா கொடுத்தது என்று நட்டேன், அதோடு சரி.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ எழுதுவதற்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, சுருளியாண்டி மச்சான் வேலியோரம் மூன்று வரிசைக் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டார். மகள் கல்யாணம் நிற்கக் கூடாது என்று. ஆள் வைக்கவில்லை, அவரே கடப்பாரை போட்டார். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். இழுத்துப் போட்ட கொடி என் காலடி வரை வந்து விழுந்தது. அத்தனையும் சுத்தமான கொடி அக்கா, ஒரு பூச்சி இல்லை. என் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அப்போதும் நான், "நிறுத்துங்க மச்சான்" என்று சொல்லவில்லை.

நேற்று எல்லாரும் கூடினார்கள். தாம்பூலத்தைத் திருப்பவில்லை. வைகாசியில் கல்யாணம் நடக்கும். உன் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. பூச்சி என் பக்கத்தில்தான் தொடங்கியது, இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொன்னேன். மச்சான் எழுந்து வந்து, "போகட்டும் மாப்ள, பிள்ளைக நல்லாருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்தார். கடப்பாரை போட்டு உரிந்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

செம்பருத்தியை யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லமாட்டேன், அதை நீதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை கிளம்பி வா. பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டாப்பிலேயே நில், வீட்டுக்கு அப்புறம் போகலாம். மச்சான் வீட்டுக்கு நானும் உன்னோடு வருகிறேன். போன திங்கட்கிழமை, கொடி சுத்தம் என்று பார்த்தும் நான் தடுக்காததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாகராஜ்