பூட்டிக் கிடக்கும் புது மலசலகூடம்

ஜன. 19, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். பனிமூட்டத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம்கூடத் தெரியவில்லை. சப்பாத்து நனைந்து, நாள் முழுக்க ஈரக் காலுறை.

பள்ளிக்கூடத்து அதிபர் கூப்பிட்டனுப்பினார். பெற்றோருக்குப் புதுவருடச் செய்திமடல் கொடுக்க வேண்டுமாம். எழுத வேண்டியது நான். என் கையெழுத்து அழகாம்! மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் கை இல்லை போல.

எழுத வேண்டியவை:
— என் வகுப்புக்கு, அதாவது தரம் ஒன்றுக்கு, புதுப் பிள்ளைகள் 22
— புதன் வரவேற்பு விழா, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பெரியவர் வருகை
— சீருடைத் துணி இன்னும் வரவில்லை (இதை எழுதக் கூடாதாம்)
— புது மலசலகூடம் (இது பெரிய எழுத்தில் வேண்டுமாம்)

அந்த மலசலகூடத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. போன வருடக் கடைசித் தவணையிலேயே கட்டி முடித்தாயிற்று. சுவரில் முயல் படமெல்லாம் உண்டு. கதவில் பூட்டு, சாவி அதிபரின் மேசை லாச்சியில். திறப்பு விழாவுக்கு முன் அழுக்காகக் கூடாதாம். பழைய கக்கூஸில் கதவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடுகிறார்கள், அட்டைக்கடியோடு திரும்பி வருகிறார்கள்.

பால்மா வாங்க வேண்டும். மறந்தே போனேன்.

ஜன. 21, புதன்
எட்டு மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியாயிற்று. கையில் ஆளுக்கொரு டேலியாப் பூ. பெரியவர் வந்து இறங்கியபோது பத்தரை. குளிரில் பிள்ளைகளின் உதடெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

முன்வரிசையில் ஹம்ஷிகா. கொழுந்தெடுக்கும் ராஜேஸ்வரியின் மகள், ரொம்பச் சின்னது. என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், ஒண்ணுக்கு வருது.”

“கொஞ்சம் பொறு பாப்பா, இந்தா வந்துருவாங்க.”

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அதையே சொன்னேன். வரிசை கலைந்தால் அதிபர் முறைப்பார் என்ற பயம். வேறு காரணமே இல்லை.

பெரியவர் மலசலகூட வாசலில் ரிப்பன் வெட்டிக் கைதட்டல் எழும்போது பிள்ளை நின்ற நிலையிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டது. வெள்ளைக் கவுன் காலோடு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அதிபர் என் காதோரம் வந்தார். “டீச்சர், அந்தப் பிள்ளைய பின்னால கூட்டிட்டுப் போங்க. போட்டோவுல விழப்போகுது.”

த்தூ!

வாகனம் போனதும் பூட்டு மறுபடி தொங்கியது. அதிபரிடம் போய்க் கேட்டேன்.

“அதான் திறந்தாச்சே சேர், இனிப் பிள்ளைங்க போகலாம்தானே?”

“போனா ஒரு வாரத்துல நாசமாக்கிடுவாங்க. அடுத்த மாசம் இன்னொரு குழு பாக்க வருதுங்க டீச்சர்.”

பார்ப்பதற்கென்றே ஒரு கக்கூஸ். உலகத்தில் வேறெங்காவது உண்டா?

ஜன. 22, வியாழன்
ஹம்ஷிகா வரவில்லை.

செய்திமடல் முடிந்தது. “மாணவர் நலன் கருதி நவீன மலசலகூடம் திறந்துவைக்கப்பட்டது.” எழுதியது நான்தான். கீழே கோடுகூடப் போட்டேன். பஜாரில் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்த கடைக்கார நானா வாசித்துப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்ல வேலை செஞ்சிருக்கீங்க டீச்சர்” என்றார். முகம் கொடுக்க முடியவில்லை. என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பு.

ஜன. 23, வெள்ளி
இன்றும் வரவில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் விசாரித்தேன். “அவ இனி இஸ்கூலுக்கே வர மாட்டாளாம் டீச்சர். எல்லாரும் மூத்திரச்சின்னு கூப்புடுறாங்க.”

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்படியே நின்றுவிட்டால் அது என் பாவம்.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜன. 26, திங்கள்
வெயில்! துணி காயும்.

ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் ராஜேஸ்வரி. இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் மகள். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற அவசரம்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர். விழா அன்னைக்கு அசிங்கப்படுத்திட்டா.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் செய்திமடலை நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“புது கக்கூஸு கட்டியாச்சுங்களா? ரொம்ப சந்தோசம். ஆனா இவளால இனித் தொந்தரவு வராதுங்க. காலையில தேத்தண்ணி குடுக்கல, தண்ணிப் போத்தலும் குடுத்து விடல. மலையில நாங்களும் அப்பிடித்தானே இருக்கோம்? குடிச்சா எங்க போறது? ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்.”

கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்த முகத்தோடு, மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

நேரே அதிபர் அறைக்குப் போனேன், அவர் இன்னும் வந்திருக்கவில்லை. லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்துவந்து கதவை அகலத் திறந்தேன். வருவது வரட்டும்.

“போ பாப்பா. பயப்படாதே. நான் வெளியில நிக்கிறேன்.”

ஹம்ஷிகா முயல் படத்தைப் பார்த்தாள். காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள்.

“எனக்கு வரலையே டீச்சர்.”