தேக்சாவுக்குள் ஒரு மோட்டார்

அன்பு மகள் ஃபராவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து அத்தா ஷாகுல் ஹமீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மருமகன் பிராங்கிளினுக்கும் என் அன்பைச் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நம் வீடு ஒற்றை அறை. நான் உன்னிடம் பேசினால் உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு இனி ஊசி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கும் அது தெரியும். கஞ்சி இரண்டு வாய் இறங்கினால் பெரிது.

நீ கல்யாணம் செய்துகொண்டு புனே போனதிலிருந்து அவள் உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் சாயங்காலம் நான் வந்ததும், "அந்த மோட்டாரு இன்னாச்சு?" என்பாள். உன் கம்பெனி மோட்டாரைத்தான். உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி மேலேயே எண்ணெய் ஊற்றிக் குளிர வைக்கிறீர்கள் என்று நீ சொன்னதை அவளிடம் உளறியிருந்தேன். "கரண்டு போற கம்பி மேல எப்டிய்யா எண்ண?" என்று விடமாட்டேன் என்கிறாள். ஆயுசு முழுக்கக் காயில் கட்டினாலும், காற்றாடி வைத்துச் சூட்டைத் தணிப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

போன வெள்ளிக்கிழமை, செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு பழைய மோட்டாரின் காயிலை அவளுடைய பிரியாணி தேக்சாவில் இறக்கி, மூழ்க மூழ்க எண்ணெய் ஊற்றி, கரண்ட் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெயே கொதித்து ஒரே புகை. எதிர்வீட்டு மொஹ்சின் மணல் வாளியோடு ஓடிவந்து, "இன்னா மாமு, இன்னா பொரிக்கிற?" என்று மானத்தை வாங்கினான்.

உன் அம்மா சிரித்தாள், ஃபரா. இருமல் வரும் வரை சிரித்தாள். பிறகு, "அதே எண்ணையில ஊறப்போட்டா பஜ்ஜிதான்யா ஆவும். சூடானத வெளிய இஸ்து, ஆற வெச்சு, திரும்ப ஊத்திகினே இருக்கணும். எம் பொண்ணு அப்டித்தான் செஞ்சிருப்பா" என்றாள்.

எம் பொண்ணு என்றாள். அது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள்.

உன்னைக் கூப்பிடச் சொன்னாளா என்றால், இல்லை. சொல்லவும் மாட்டாள். அந்த வீம்புதான் உனக்கும். என்னிடமிருந்து உனக்கு வந்தது மூக்கு மட்டும்.

நீ வந்து கல்யாணப் பேச்சு பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னது சரிதான் என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

பெருநாளைக்கு வருகிறேன் என்று மட்டும் எழுதாதே, தாயே. பெருநாள் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. அல்லாஹ் உன் பாதையைச் சுருக்கித் தரட்டும்.

துஆவுடன்,
அத்தா