முதுகில் விட்ட இடம்

ஜூன் 4

மூட்டைக்கு,

என் முதுகில் ஓர் இடத்தை நீ வேண்டுமென்றே பூசாமல் விட்டாய்.

மறந்துவிட்டேன் என்று எழுதாதே. மறக்கிறவள் நீ இல்லை. தொடையில் கடுகளவு இருந்த சிவப்புப் புள்ளியைக்கூடத் தேடித் தேடி மறைத்தவள், தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்ததை எப்படித் தவறவிடுவாய்?

நீ உன் பரிசோதனையை முடித்துக்கொண்டு போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. கேள். எடை, உயரம், கண், காது எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். சும்மா ஒரு பேச்சுக்கு, "திரும்பு" என்றார். திரும்பினேன். "இது என்ன?" என்றார். உடற்பயிற்சி செய்தால் வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றேன். பஞ்சை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். நீலம் போகவில்லை. பக்கத்தில் துடைத்தார். என் தோலின் நிறம் பஞ்சோடு போனது.

அப்புறம் விடவில்லை. முதுகு, தொடை, முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் துடைத்தார். நர்ஸைக் கூப்பிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி மேக்கப் போட்டுட்டு வந்திருக்கா பாரு" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தேன். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நோயை மறைத்தவர், தகுதியற்றவர்" என்று எழுதினார். என்ன நோய் என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிப்பது என் வேலையாம்.

ஓட்டம், கயிறு, ஏணி எல்லாம் தேறினேன். ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி இறங்குவதில் எனக்குத்தான் முதலிடம். அந்த ஆள் நீ. அப்படித்தான் உனக்கு மூட்டை என்று பெயர் வந்தது. தீயணைப்புத் துறையில் நம் இரண்டு பேருக்கும் இடம் இருந்ததே? பிறகு என்னை மட்டும் ஏன்?

உன் அண்ணனைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நீ பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டாயாம். போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். கடிதம் போட்டால்தான் உண்டு என்றார். சரி, கடிதத்திலேயே சொல்.

ஏணி


ஜூன் 15

அன்புள்ள ஏணிக்கு,

நலமா என்று கேட்டால் திட்டுவாய். கேட்கவில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று என்னால் கயிறு ஏற முடியவில்லை. பாதியில் தொங்கினேன். "பாப்பா, ஊஞ்சலா ஆடுறே?" என்று மாஸ்டர் கத்தினார். இங்கே பெண்கள் எல்லோருமே பாப்பாதான். ஹெல்மெட்கூட ஆண்கள் அளவில்தான் இருக்கிறது. உள்ளே துண்டு மடித்து வைத்துப் போட்டுக்கொள்கிறோம். ஓடும்போது அது கண்ணை மூடிவிடுகிறது.

அன்று காலை என்ன அவசரம் என்று உனக்கே தெரியும். கழிவறை வெளிச்சத்தில் நீலமும் நிழலும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. குளிருகிறது, கூசுகிறது என்று நீ நெளிந்துகொண்டே இருந்தாய். பாட்டிலிலும் கடைசியில் ஒன்றுமில்லை, தட்டித் தட்டித்தான் எடுத்தேன். ஓர் இடம் விட்டுப்போயிருக்கலாம். அதற்காக வேண்டுமென்றே என்று எழுதுவாயா?

இத்தனை வருஷப் பழக்கத்துக்கு "மூட்டைக்கு" என்று மொட்டையாக ஆரம்பித்திருக்கிறாய். "அன்புள்ள" போடப் பேனாவில் மை இல்லையா?

இங்கே ஆளைச் சுமக்கிற பயிற்சியில் நான் மணல் பொம்மையோடு சேர்ந்து விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் என்னையும் பொம்மையையும் சேர்த்தே தூக்கியிருப்பாய். வேறு வேலை பார்த்துக்கொள்ளடி. உனக்கு இருக்கிற தெம்புக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று இல்லை.

என்றும் உன்,
மூட்டை


ஜூன் 26

மூட்டைக்கு,

பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. அந்த ஃபவுண்டேஷனை என் பையில்தானே திரும்பப் போட்டாய்? பாதிக்குமேல் மிச்சம். பொய் சொல்வதானால் உன் கையில் இருக்கிற பொருளை வைத்துச் சொல்.

வேறு வேலை பார்க்கச் சொன்னாய். பார்த்துவிட்டேன். சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். லாரியிலிருந்து இறக்கி அலமாரியில் ஏற்ற வேண்டும். மாலையில் பார்த்தால் முன்கையிலும் தொடையிலும் அதே புள்ளிகள், அதே நீலம். மேற்பார்வையாளர் ஒருநாள் கவனித்துவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான். தீயிலிருந்து ஒருவரைத் தூக்கி வர என் தோல் சுத்தமாக இருக்க வேண்டும். சோப்புப் பெட்டியைத் தூக்க எந்தத் தோலும் போதும். என் உடம்பு கெட்டுவிடும் என்ற கவலை நல்ல சம்பளம் கிடைக்கிற இடத்தில் மட்டும்தான் இவர்களுக்கு வருகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துகொண்டேன். விடியற்காலையிலேயே வரிசை. பார்த்தவர் சின்ன வயது டாக்டர், கண்ணில் தூக்கம். ரத்தம் உறைகிற நேரம், அணுக்களின் அளவு, ஈரல், எல்லாம் சரியாக இருக்கிறதாம். அப்படியானால் ஏன் வருகிறது என்றேன். "தெரியலைம்மா. சில பேருக்கு இப்படித்தான். கஷ்டப்பட்டு உடம்பை வளைச்சா தோல் காட்டிக்கொடுக்கும். பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார். தெரியவில்லை என்று நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முறையீடு கொடுத்திருக்கிறேன். நோய் இல்லை என்பதற்கு டாக்டர் சீட்டு இருக்கிறது. மறைத்தது ஏன் என்று கேட்பார்கள். போன வருஷம் காலில் தழும்பு இருந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதை நம் கோச் சொன்னதும், நாம் பயந்துபோய்க் கடைக்கு ஓடியதும் உனக்குத் தெரியும். என்னோடு பயிற்சி செய்தவள் நீ ஒருத்திதான். இந்தத் தடங்கள் பயிற்சி செய்தால் வரும், தானே போய்விடும், பார்த்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பூசியது யார் என்பதையும் எழுது.

அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

ஏணி


ஜூலை 9

அன்புள்ள ஏணிக்கு,

ஆமாம். விட்டேன்.

நீ ஒருநாள் என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப மாடி இறங்கினாயே, கோச் போதும் என்று சொன்ன பிறகும். அன்று குழாயடியில் நீ குனிந்து கால் கழுவும்போது பார்த்தேன். என் உடம்பு படாத இடத்தில்கூடப் புள்ளி புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்த்தது. என் பாரத்தைச் சுமந்துதான் இவள் சாகப்போகிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று எத்தனை தடவை சொன்னேன்? "வேலை கையில வரட்டும், அப்புறம் சாகிறேன்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். உன்னோடு யார் பேசி ஜெயிப்பது?

ஒன்றே ஒன்று டாக்டர் கண்ணில் பட்டால் போதும், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வார் என்று நினைத்தேன். நீயும் பிழைப்பாய், வேலையும் இருக்கும். துடைப்பார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நான் செய்த தப்பு.

சோதனையில் ஒன்றுமில்லை என்று படித்ததும் மேல்படுக்கையில் குப்புறப் படுத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நம்பு.

நீ கேட்டதை மட்டும் என்னால் எழுத முடியாதுடி. பூசியது நான் என்று எழுதினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். வீட்டில் என்னை எப்படி வைத்திருந்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அண்ணி எனக்குத் தட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இப்போது அண்ணன் கடிதம் எழுதுகிறான், சாப்பிட்டாயா என்று கேட்கிறான். வேலைக்குப் போகிறவள் என்றதும்தான் எனக்குப் பசிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

கோபம் தீரும்வரை திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்,
மூட்டை


ஜூலை 20

மூட்டைக்கு,

உன் கடிதத்தை நம்பினேன். முட்டாள்தனமாக, முழுசாக நம்பினேன். எனக்காக ஒருத்தி பயந்திருக்கிறாள் என்று கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மறுபடி மறுபடி படித்தேன். "அன்புள்ள மூட்டை" என்று ஆரம்பித்து ஒரு பதிலும் எழுதினேன். சரி, எழுத வேண்டாம், வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றுதான் அதில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

விசாரணைத் தேதி கேட்கத் தேர்வு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூன் பேச்சுக்கொடுத்தார். "உன் இடம் காலியானதும் காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆளைப் போட்டுட்டாங்கம்மா. குள்ளமா, உருண்டையா ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, வந்து கும்பிட்டுட்டுப் போச்சு" என்றார்.

பட்டியல் எப்போது ஒட்டினார்கள் என்று கேட்டேன். மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலமே ஒட்டிவிட்டார்களாம்.

அந்தச் சாயங்காலம் நான் விடுதி அறையில் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பட்டியலைப் பார்க்கப் போனவள் நீ. திரும்பி வந்து, "ரெண்டு பேர் பேரும் இருக்குடி. நிம்மதியாப் படு" என்றாய். இருந்தது உண்மைதான். என் பெயர் தேறியவர்களில் இருந்தது. உன் பெயர் கோட்டுக்குக் கீழே, காத்திருப்பவர்களில் இருந்தது. அவர்களையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேலே யாராவது விழுந்தால் உனக்கு வேலை. யாரும் விழாவிட்டால் அண்ணியின் தட்டு.

மறுநாள் காலையில் உன்னிடம்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நீ பயந்தது பொய் என்று சொல்லமாட்டேன். பயந்திருப்பாய். ஆனால் பட்டியலைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? "நான் கீழே இருக்கேன்டி" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்? உன்னை அடித்திருப்பேனா? எனக்கு வேலை கிடைத்தால் உனக்கும் ஒரு வழி பார்த்திருப்பேன். என் சம்பளத்தில் நீ ஒரு வருஷம் உட்கார்ந்து தின்றிருக்கலாம்.

விசாரணை ஆகஸ்ட் 3, காலை பத்து மணி. வா. வர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஏணி


ஆகஸ்ட் 8

மூட்டைக்கு,

நீ வரவில்லை. கடிதமும் வரவில்லை.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். அந்த டாக்டரம்மாவும் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். நோய் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். அதில் யாருக்கும் அக்கறை இல்லை. மறைத்ததைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"முதுகுல யாரு பூசினது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"உன் முதுகுல நீயே எப்படிப் பூசினே?"

"கண்ணாடி பார்த்து."

எழுந்து நின்று தொட்டுக் காட்டச் சொன்னார். மேலிருந்து கையை வளைத்தேன், கீழேயிருந்து வளைத்தேன். அந்த இடத்துக்கு விரல் போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டாக்டரம்மா உற்சாகப்படுத்தினார். எல்லோருக்கும் நல்ல வேடிக்கை. விசாரணையிலும் பொய் சொன்னேன் என்று எழுதி முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். இனி விண்ணப்பிக்கவும் முடியாது.

நல்லவள் என்பதால் உன் பெயரைச் சொல்லாமல் விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் உன்னையும் வெளியே அனுப்புவார்கள், உனக்குக் கீழே இருப்பவளைக் கூப்பிடுவார்கள், அவளையும் திருப்பி நிறுத்தி முதுகைத் துடைப்பார்கள். அந்தப் பிஸ்கட் வாய்க்கு இன்னொரு சிரிப்பை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

வேலை உன்னுடையது. வைத்துக்கொள். நான் இனி அதைக் கேட்கப்போவதில்லை. அம்மாவிடம்கூட நீ செய்ததைச் சொல்லவில்லை. மூட்டை ஏன் கடிதம் போடவில்லை என்று உன்னைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். பட்டியலில் உன் பெயரும் கோட்டுக்கு மேலே இருந்திருந்தால், அந்த இடத்தை விட்டிருப்பாயா? விட்டிருப்பேன் என்றால் அப்படி எழுது. மாட்டேன் என்றால் அப்படி எழுது. எதை எழுதினாலும் நம்புகிறேன். ஹெல்மெட், மாஸ்டர், கயிறு ஒன்றும் வேண்டாம். அழுததும் வேண்டாம். விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி ஒரு அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

எழுதிப் போடு.

ஏணி