நீலத்தை நானே கழற்றுகிறேன், அப்பா

நடுச் சீட்டில் எனக்கு எப்போதும் இடம் வைத்திருந்த என் அப்பாவுக்கு,

இதை உன் குட்டியானை லோடு வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடது பக்கக் கதவின் லாக் இன்னும் சரியாக விழுவதில்லை. பார்க்கிங் லைட்டுக்குச் சாவி வேண்டாம் என்று நீ காட்டிக்கொடுத்திருந்தாய், அதனால் மீட்டர் விளக்கு எரிகிறது. வெளிச்சம் தெருவுக்குத் தெரியாமல் இருக்க முன் விளக்குகளின் மேல் உப்புச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். பின்பக்கம் நம் சுவர்தான். என் நோட்டு முழுக்க நீலமாக இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. பேட்டரி இறங்கிவிடுமோ என்று பயம். பெரியப்பா வீட்டு நாய் குரைத்தால் பயம். நாளைக் காலையை நினைத்தால் எல்லாவற்றையும்விடப் பயம்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் காரியம் முடிந்த அன்றே பெரியப்பா சாவியை எடுத்துப் போனார். பத்திரமாக இருக்கட்டும் என்றார். உன் அண்ணனைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் நம் வீட்டுக்கு அரிசி போட்டவர் அவர்தான். ஆனால் வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று அம்மா சொன்னதும் சிரித்தார்.

"ஏம்மா, நீ குட்டியானைய ஓட்டிக்கினு உப்பளத்துக்குப் போனா ஊரு என்னை இன்னா கேக்கும்?"

"ஊரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் மாமா. நீங்க சாவிய குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. மழை மாதத்தில் பாத்திகள் தண்ணீருக்குள் போனபோது, லோடு இல்லாத அந்த நாட்களில், கரை ரோட்டில் நீ அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, அது அவருக்குத் தெரியாதா? லைசென்ஸ் எடுத்ததும் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அம்மா இப்போது உப்புக் கூடை சுமக்கிறாள். அவள் கொட்டும் உப்பை வேறு யாருடைய வண்டியோ ஏற்றிக்கொண்டு போகிறது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். திட்டாமல் கேள்.

நான் ஐந்தாவது படித்தபோது இந்த மீட்டரைப் பிரித்தோமே, நினைவிருக்கிறதா? வண்டியோடு வந்தது பச்சை வெளிச்சம். விடியும் முன் லோடுக்குப் போகும்போது முள்ளே தெரியவில்லை என்று நீ சலித்துக்கொள்வாய். பாண்டிச்சேரியில் பல்பு விற்ற கடைக்காரர், எல்லாரும் சிவப்புதான் வாங்குகிறார்கள் என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் நீலம் என்றேன். மறு பேச்சு இல்லாமல் நீலம் வாங்கினாய்.

பல்பை மாற்றினால் மட்டும் போதவில்லை, டயலுக்கு அடியில் ஒரு பச்சைத் தாளும் இருந்தது. அதை எடுக்க முள்ளைக் கழற்ற வேண்டியிருந்தது. அம்மாவின் இரண்டு ஸ்பூன்களை இரண்டு பக்கமும் கொடுத்து நெம்பினாய். டீசல் முள் எந்த இடத்தில் நின்றது என்று நீயும் பார்த்து வைக்கவில்லை, நானும் பார்த்து வைக்கவில்லை. கண்ணளவில் திரும்பச் செருகினோம். பகல் வெளிச்சத்தில் நீலம் தெரியாமல், இரண்டு பேரும் கையைக் குவித்து மீட்டருக்குள் எட்டிப் பார்த்தோம்.

மூன்று நாள் கழித்துக் கீழ்புத்துப்பட்டு அருகில் வண்டி நின்றுபோனது. டேங்க் வறண்டிருந்தது, முள்ளோ கால்வாசி இருக்கிறது என்றது. கேனும் கையுமாக வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாய். "முள்ளு கால்வாசியில நின்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. ஸ்பூனு வளைஞ்சதுக்கே இன்னும் திட்டிக்கினு இருக்கா."

ஐந்து வருடம் நான் மூச்சு விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வானூரிலிருந்து ஒருவரை வண்டியை விலைக்குப் பார்க்க அழைத்து வந்தார். அம்மா வேலையில் இருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான். பெரியப்பா சாவியைப் போட்டுவிட்டு, "டீசல் இருக்குதாடி?" என்று கேட்டார். முள் கால்வாசிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"முள்ள பாருங்க பெரியப்பா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யா அது? இந்த நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். உப்பளத்து நடுவில், தலைக்கு ஒரு நிழல் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. டீசல் வாங்கி ஊற்றியும் கிளம்பவில்லை, குழாயில் காற்றுப் பிடித்துவிட்டது. மெக்கானிக் வந்து பம்ப் அடித்து எடுக்க மதியம் ஆகிவிட்டது. வானூர்க்காரர் செருப்பு சுட நடந்து வந்து நம் வாசலில் தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டும்போது எனக்கு உள்ளே சந்தோஷம். மறைக்கமாட்டேன். வண்டி நம் வீட்டிலேயே இருக்கும் என்று சந்தோஷம்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பெரியப்பாவிடம் சொன்னார்: "டீசல் முள்ளே பொய் சொல்லுது. கிலோமீட்டர் மட்டும் நெசம் சொல்லுமா? உங்க தம்பி மீட்டர்ல கை வெச்சிருக்காருங்க."

பெரியப்பா இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை ஏமாற்றுக்காரன் ஆக்கிவிட்டேன்.

நாளைக் காலை பெரியப்பா ஒரு எலெக்ட்ரீசியனை அழைத்து வருகிறார். நீலத்தை எடுத்துவிட்டுப் பழையபடி பச்சை போடவும், நீ செய்த வேலை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கவும். வானூர்க்காரரும் வருகிறார். நான் உண்மையைச் சொல்லும் முன் அவர்கள் மீட்டரைத் திறந்தால், நீ தில்லுமுல்லு செய்ததாகவே முடியும். நெம்பிய தழும்பு டயலில் இருக்கிறதே.

அதனால் இன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். ஸ்பூன் கதையைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். பிறகு ஒன்று சொன்னாள். கரை ரோட்டில் ஓட்டப் பழகிய நாளிலேயே, இந்த நீலம் கண்ணைக் குத்துகிறது, இருட்டில் ரோடு தெரியவில்லை என்று உன்னிடம் சொன்னாளாம். அதற்கு நீ, "எனக்கும்தான் குத்துது, புள்ள ஆசையா வெச்சது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாயாம்.

ஏன் அப்பா என்னிடம் சொல்லவில்லை? ஐந்து வருடம் அந்த இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டா ஓட்டினாய்?

மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு, மஞ்சளாக எரியும் சாதாரணப் பல்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. வளைந்த ஸ்பூன்களும் என் மடியில்தான் இருக்கின்றன. முள்ளைச் சரியாக வைப்பது எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன். டேங்கைச் சுத்தமாகக் காலி செய்து, சாவியைத் திருப்பி, முள்ளைக் கடைசிக் கோட்டில் வைத்துச் செருக வேண்டும். அதற்குச் சாவி வேண்டும். சாவி பெரியப்பாவிடம் இருக்கிறது.

கேட்பேன். வானூர்க்காரர் நிற்கும்போதே கேட்பேன். முள்ளைத் தப்பாகச் செருகியது நானும் அப்பாவும், தெரிந்தே உங்களிடம் சொல்லாமல் விட்டது நான் மட்டும், கிலோமீட்டரில் எங்கள் அப்பா கை வைக்கவே இல்லை என்று சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும். அடி வாங்கிக்கொண்டு சாவிக்குக் கையை நீட்டுவேன். அம்மா என் பக்கத்தில் லைசென்ஸோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். பிறகும் இந்த வண்டியை விற்க வேண்டும் என்றால், அம்மா வாயால் பெரியப்பா கேட்டுக்கொள்ளட்டும்.

வெளிச்சம் கொஞ்சம் மங்குகிற மாதிரி இருக்கிறது. அணைத்துவிடப் போகிறேன். இந்த நீலத்தை நான் பார்ப்பது இதுதான் கடைசி. கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் பச்சைக்காக இதைக் கழற்ற விடமாட்டேன். அம்மா இருட்டில் ரோடு பார்ப்பதற்காக, நான் வைத்ததை நானே கழற்றுவேன். இனி இந்த மீட்டரில் முள் காட்டுகிற அளவுக்கு டேங்கில் டீசல் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பயந்துகொண்டே, ஆனால் சொன்னதைச் செய்யப்போகிற,
நீலம் கேட்ட உன் பொண்ணு